ஊர் ஏற்றிக்கொண்டவள்

சென்னைக்கு வந்த பத்தொன்பதாம் நாள் இசக்கிராணி வேலையை விட்டுவிடுவதென்று முடிவு செய்தாள். கடிதமும் எழுதியாகிவிட்டது. அவளோடு ஒரே நாளில் சேர்ந்த ஐந்து பேரில் மூன்று பேர் அதற்குள் பெட்டியைக் கட்டியிருந்ததால், நாலாவதாகப் போவதில் அவளுக்குப் பெரிய வெட்கம் ஒன்றும் இல்லை.

வேலை புதிதல்ல. சங்கரன்கோவிலில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியின் லேபில் இரண்டு வருஷம் இருந்தவள். நரம்பே தெரியாத கையிலும் ஒரே குத்தில் ரத்தம் எடுத்துவிடுவாள். இங்கேயும் அதுதான் வேலை. காலையில் வீடு வீடாகப் போய் வெறும் வயிற்றில் இருப்பவர்களிடம் ரத்தம் எடுத்து, பத்து மணிக்குள் லேபில் சேர்க்க வேண்டும். கஷ்டமெல்லாம் அந்த வீட்டு வாசல் வரைக்கும் போய்ச் சேர்வதில்தான் இருந்தது.

வாட்ச்மேனை 'அண்ணாச்சி' என்று கூப்பிட்டால் அவர் தன்னைக் கேலி செய்வதாக நினைத்தார். கூப்பிடாவிட்டால் நோட்டை நீட்டிப் பெயர், ஃப்ளாட், போன் நம்பர் எல்லாம் எழுதச் சொல்லி நிற்க வைத்தார். பஸ்ஸில் எந்தக் கம்பியைப் பிடித்தால் இடிபடாமல் நிற்கலாம் என்று மற்ற எல்லோருக்கும் தெரிந்திருந்தது. நின்று யோசிப்பதற்குக்கூட இந்த ஊரில் இடம் தெரிந்திருக்க வேண்டும். அவள் நின்ற இடத்திலெல்லாம் யாரோ ஹாரன் அடித்தார்கள். திருவல்லிக்கேணி ஹாஸ்டலில் அறைக்கு ஆறு பேர், குளியலறைக்கு வரிசை. அழுவதற்கென்று கிடைத்த தனியிடம் லிஃப்ட் ஒன்றுதான். ஏழாவது மாடி வருவதற்குள் அழுது முடித்து முகத்தைத் துடைத்துக்கொள்ள அவள் பழகியிருந்தாள்.

மேலாளர் ரகுநந்தன் கடிதத்தைப் படித்துவிட்டுத் திட்டவில்லை. மடித்து அவளிடமே கொடுத்தார்.

"இதை நாளைக்கு வாங்கிக்கறேன். அதுக்கு முன்னாடி மூணாவது மாடியில டாக்டர் வசுமதியைப் பார்த்துட்டு வா."

டாக்டர் வசுமதிக்கு ஐம்பது வயதிருக்கும். மேஜையில் எந்தக் கருவியும் இல்லை. ஒரு தண்ணீர் பாட்டில் மட்டும் இருந்தது.

"வழி தெரியலையா உனக்கு?"

"வழி மேப்பே சொல்லிரும் மேடம்."

"அப்ப என்ன கஷ்டம்?"

இசக்கிராணி யோசித்தாள். இதை அவளிடம் யாரும் இதுவரை கேட்டதில்லை.

"எல்லாமே மொதல் தடவையா இருக்கு மேடம். பத்து தடவ போன தெருவும் மொதல் தடவையாத்தான் இருக்கு. ஹாஸ்டல் கட்டில்ல படுத்தா, யார் கட்டில்லயோ படுத்திருக்க மாதிரி இருக்கு."

டாக்டர் தலையசைத்தார். அவர் எதிர்பார்த்த பதில் அதுவாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

"ஒரு இடத்தைத் தெரிஞ்சு வெச்சுக்கறது வேற. அது நமக்குப் பழகின இடம்னு தோணறது வேற. மூளையில ரெண்டும் தனித்தனியா இருக்கு. முதலாவதை எங்களால ஒண்ணும் செய்ய முடியாது. ரெண்டாவதை ஒருத்தர்கிட்டருந்து எடுக்க முடியும். எடுத்து இன்னொருத்தருக்கு ஏத்தவும் முடியும்."

"ரத்தம் ஏத்துற மாதிரியா?"

"கிட்டத்தட்ட. ஆனா ரத்தம் குடுத்தவங்களுக்குத் திரும்ப ஊறிடும்."

"இது ஊறாதா?"

"புதுசாப் பழகினாத்தான் உண்டு. பழசு வராது. ஆனா குடுக்கறவங்களுக்கு இது தேவைப்படாதும்மா. ஊரை விட்டுப் போனவங்ககிட்டருந்து மட்டும்தான் எடுக்கறோம். அவங்க சம்மதத்தோட."

"அவுக ஞாபகமெல்லாம் எனக்கு வருமா?"

"ஒரு ஞாபகமும் வராது. தெருப் பேர் தெரியாது, ஆள் பேர் தெரியாது. ஆனா கால் தயங்காது. உனக்கு வேண்டியது அதுதானே?"

கடிதம் இசக்கிராணியின் பையிலேயே தங்கிவிட்டது.

இரண்டு நாள், இரண்டு மத்தியானம். தலையில் ஒரு தொப்பி, காதுக்குப் பின்னால் ஒரு சின்ன ஊசி, அரைத்தூக்கம். இரண்டாம் நாள் சாயங்காலம் வெளியே வந்து அண்ணா சாலை ஓரத்தில் நின்றபோது, எதுவுமே மாறவில்லை என்றுதான் அவளுக்குத் தோன்றியது. அதே புகை, அதே சத்தம். பஸ்ஸில் ஏறி, ஜன்னலோரக் கம்பியில் சாய்ந்து, ஹாஸ்டல் நிறுத்தத்தில் இறங்கி நடந்தபோதுதான் கவனித்தாள். அந்த வழி முழுக்க அவள் ஒருமுறைகூட மேப்பைப் பார்க்கவில்லை. பயப்படவும் இல்லை.

ஹாஸ்டலில் இதற்குப் பெயரே இருந்தது. "உனக்கு ஊர் ஏத்தியாச்சா?" என்று கேட்டாள் பக்கத்துக் கட்டில் பெண். மென்பொருள் கம்பெனிக்காரி. அவள் கம்பெனியிலும் புதிதாக வருபவர்களுக்கு ஏற்றுகிறார்களாம். "எனக்குக் குடுத்தவங்க மயிலாப்பூர்க்காரங்கபோல. அந்தப் பக்கம் போனாலே பசிக்குது."

அதற்குப் பிறகு வேலை ஒரு வேலையாகவே இல்லை. சிந்தாதிரிப்பேட்டைச் சந்துகளில் லேபில் கொடுத்த ஸ்கூட்டர் தானாகத் திரும்பியது. வாட்ச்மேன்கள் நோட்டை நீட்டவில்லை. தயங்காமல் உள்ளே வருகிறவளை யாரும் நிறுத்துவதில்லை. எழும்பூர், புதுப்பேட்டை, சேப்பாக்கம் எல்லாம் அவளைச் சொந்தம் கொண்டாடின. படிக்கட்டு ஏறும்போது மட்டும் வலது தோளைச் சற்றுச் சாய்த்து ஏறுவதாக ஒரு வீட்டில் சொன்னார்கள். ஏதோ பாரம் சுமப்பதைப் போல. அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

"கொரல்ல ஒரு தெம்பு தெரியுதுட்டி," என்றாள் அம்மா போனில்.

"பழகிட்டும்மா," என்றாள் இவள்.

ஒரே ஓர் இடம்தான் அவளுக்கு ஆகவில்லை. கூவத்தின் கரையில், ஒரு பாலத்தின் கீழே, தகரம் அடித்து மறைத்து உள்ளே பூங்கா கட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தத் தகரத்தைத் தாண்டிப் போகும்போதெல்லாம் கண்ணில் தண்ணீர் வந்தது. இரண்டு முறை அப்படி ஆனபிறகு அவள் அந்தச் சாலையைத் தவிர்த்து, அரை கிலோமீட்டர் சுற்றிப் போகத் தொடங்கினாள்.

எட்டு மாதம் இப்படியே போயிற்று.

ஒன்பதாம் மாதத்தில், தெற்கே வெகுதூரம் தள்ளியிருக்கும் புதுவாழ்வு நகருக்கு வழக்கமாகப் போகிற ஆளுக்கு அம்மை போட்டுவிட்டது. பதிலுக்கு இசக்கிராணியை அனுப்பினார்கள். அதிகாலையில் கிளம்பினாள். சுங்கச்சாவடியைத் தாண்டியதும் உடம்பிலிருந்து ஏதோ கொஞ்சம் கொஞ்சமாக இறங்குவது தெரிந்தது. ஊரின் எல்லை அங்கே முடிந்தது. அதற்கப்பால் பழையபடி எல்லாம் முதல் தடவையாக இருந்தது. வரிசை வரிசையாக ஒரே உயரத்தில், ஒரே மஞ்சளில் அடுக்குமாடி வீடுகள். ஆற்றங்கரைக் குடிசைகளை அகற்றியபோது அங்கிருந்தவர்களைக் குடியேற்றிய இடம். நாற்பத்தொன்றாம் பிளாக்கைத் தேடி அவள் மூன்று முறை வழி கேட்டாள். மூன்றாவதாகச் சொன்னவருக்கே சரியாகத் தெரியவில்லை.

நாலாவது மாடி. பட்டியலில் 'எத்திராஜ், வயது 58, இலவசப் பரிசோதனை' என்றிருந்தது. கதவைத் தட்டினாள்.

கதவைத் திறந்த பெண்மணி ஒல்லியாக, நரை முடியை இறுக்கிக் கொண்டை போட்டிருந்தார். ஒரு காதில் கம்மல் இல்லை. இசக்கிராணி அவரை அதற்குமுன் பார்த்ததே இல்லை. ஆனால் பார்த்த கணத்தில் அவள் தோள் இரண்டும் தளர்ந்து கீழே இறங்கின. நாளெல்லாம் சுமந்ததை இறக்கி வைத்துவிட்டு வீட்டுக்குள் நுழைந்ததைப் போல இருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு, ஒன்றும் பேசாமல் தரையில் உட்கார்ந்து, அந்த அம்மாள் தண்ணீர் கொண்டுவரும்வரை கண்ணை மூடிக்கொள்ள வேண்டும்போல இருந்தது.

அவள் அப்படியே நின்றாள். அந்த அம்மாளும் நின்றார்.

"இன்னாமா அப்படிப் பாக்கறே?" என்றார்.

"ரத்தம் எடுக்க வந்திருக்கேன்."

"அது தெரியுது. இன்னாத்துக்கு அப்படிப் பாக்கறே?"

உள்ளேயிருந்து ஒருவர் எழுந்து வந்தார். அகலமான தோள், வலது தோள் சற்றே இறங்கியிருந்தது. "வாங்க மேடம்," என்றார். பிறகு அந்த அம்மாளைப் பார்த்து, "ஏங்க, அவங்களுக்கு ஒரு சேர் போடறீங்களா?" என்றார்.

கட்டின பெண்டாட்டியிடம் ஒரு மனுஷன் இப்படிப் பேசி இசக்கிராணி கேட்டதில்லை. கடைக்காரரிடம் பேசுவதைப் போல மரியாதையாக இருந்தது. முதல் குத்தில் ரத்தம் வரவில்லை. இரண்டாம் குத்தில்தான் கிடைத்தது. அவர் முகம் சுளிக்கவில்லை. "பரவால்ல மேடம், மெதுவா எடுங்க," என்றார்.

அவள் கிளம்பியபோது அந்த அம்மாள் படிக்கட்டு வரை பின்னாலேயே வந்தார். கதவைச் சாத்திவிட்டுத் தாழ்ந்த குரலில் கேட்டார்.

"உனக்குத்தான் ஏத்தினாங்களா?"

தனக்குள் இருப்பது யாருடையது என்று இசக்கிராணிக்கு அப்போதுதான் விளங்கியது.

"ஊரை விட்டுப் போனவங்ககிட்டருந்துன்னு சொன்னாங்கம்மா."

"பொய்யா சொல்லிட்டாங்க? போயிட்டோமே. இதா, இங்க வந்துட்டோமே."

அவர் பெயர் தேசம்மா. அவர் சொன்னதை இசக்கிராணி அந்தப் படிக்கட்டிலேயே உட்கார்ந்து கேட்டாள். எத்திராஜ் முப்பது வருஷம் கேஸ் சிலிண்டர் போட்டவர். சிந்தாதிரிப்பேட்டையிலும் புதுப்பேட்டையிலும் அவர் ஏறாத மாடிப்படி இல்லை. பாலத்தடியில் வீடு. பிறந்தது, கல்யாணம் ஆனது எல்லாம் அங்கேதான். பிள்ளை குட்டி கிடையாது. வீட்டை இடித்து இங்கே கொண்டுவந்து விட்டார்கள். வந்த மறுநாள் காலையில் எத்திராஜ் பஸ் ஏறி ஆற்றங்கரைக்குப் போய்விட்டார். வீடு இருந்த இடத்தில் கிடந்த செங்கல் மேட்டில் உட்கார்ந்திருந்தார். சாயங்காலம்தான் வந்தார். மறுநாளும் போனார். அதற்கடுத்த நாளும்.

"ஒரு வருஷம், கண்ணு. தெனமும். தகரம் அடிச்சுட்டாங்க. ஏறிக் குதிச்சுப் போனாரு. போலீஸ்காரங்க ரெண்டு வாட்டி கூட்டியாந்து விட்டாங்க. மூணாவது வாட்டி கால் ஒடிஞ்சு வந்தாரு. அந்தக் காலோட நாலாம் நாளு கெளம்பறாரு. சோறு எறங்கல. சாவறதுக்குத்தான் போறாருன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. அப்பத்தான் கவர்மெண்டு ஆஸ்பத்திரியில ஒருத்தர் சொன்னாரு. இப்படி ஒண்ணு இருக்குது, எடுத்துட்டா அந்த ஏக்கம் போய்டும்னு. நான்தான் கூட்டிக்கினு போயி கையெழுத்துப் போட வெச்சேன்."

"ஏக்கம் போயிட்டுதா?"

"போய்டுச்சு. நல்லா சாப்புடறாரு, தூங்கறாரு. அந்தப் பக்கமே போறதில்ல." தேசம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நானும் அந்த எடத்தோட சேந்தவதானே? அதை யாரும் சொல்லல. இடம் மட்டும் போவும்னு நெனச்சேன். கல்யாணம் ஆன தேதி கேளு, சொல்லுவாரு. எங்கப்பா பேரு, எனக்குப் புடிச்ச கலரு, எல்லாம் சொல்லுவாரு. பாடம் ஒப்பிக்கிற மாதிரி. ஆனா என்னிய வாங்க போங்கன்றாரு."

அந்த அம்மாள் தேடிக்கொண்டிருந்த பொருள் இசக்கிராணிக்குள் இருந்தது. திருடிக்கொண்டு வரவில்லை, ஆனாலும் இருந்தது.

"ஞாயித்துக்கெழம லீவா உனக்கு?" என்று கேட்டார் தேசம்மா. "வாயேன். சும்மா வா. வந்து கொஞ்ச நேரம் குந்தியிருந்துட்டுப் போ."

ஏற்றிக்கொண்டவர்கள் கொடுத்தவர்களைப் பார்க்கக் கூடாதென்று லேபில் ஒரு விதி இருந்தது. இசக்கிராணி அந்த ஞாயிற்றுக்கிழமை போனாள். அடுத்த ஞாயிறும் போனாள்.

போகப் போக அது ஒரு குடும்பம் மாதிரி ஆனது, ஆனால் கோணலான குடும்பம். தேசம்மா நெத்திலிக் குழம்பு வைத்தார். எத்திராஜ் "நல்லா இருக்குங்க" என்று சொல்லிவிட்டு அளவாகச் சாப்பிட்டார். இசக்கிராணி முதல் கவளத்திலேயே கண் கலங்கி, மூன்றாம் முறை சோறு போட்டுக்கொண்டாள். தேசம்மா அவள் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். நாலாவது ஞாயிறு ஹாஸ்டலில் துணி துவைக்க வேண்டியிருந்ததால் இவள் போகவில்லை. மறுவாரம் தேசம்மா கதவைத் திறந்ததும் பொரிந்து தள்ளினார்.

"எங்க போய்க் கெடந்தே? ஒரு போன் பண்ணா கொறைஞ்சா போய்டுவே? இங்க ஒருத்தி காத்துக்கினு இருப்பான்ற நெனப்பே இல்லியா உனக்கு?"

அந்தத் திட்டு தனக்கு உரியதல்ல என்று இசக்கிராணிக்குத் தெரிந்தது. உரியவர் நாற்காலியில் உட்கார்ந்து, தர்மசங்கடத்தோடு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் திட்டு வாங்கியதில் இவளுக்கு ஒரு சுகம் இருந்தது. அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

அன்றைக்குக் கிளம்பும்போது எத்திராஜ் பஸ் நிறுத்தம் வரை துணைக்கு வருவதாகச் சொன்னார். நடந்துகொண்டே பேசினார்.

"மேடம், ஒண்ணு கேக்கணும். அந்தம்மா என்னியப் பாத்துப் பாத்து அழுவறாங்க. நான் ஒண்ணும் தப்பா நடந்துக்கலியே? சமையல்ல கொற சொன்னதில்ல. கொரலு ஒசத்திப் பேசினதில்ல."

"உங்க மேல தப்பு ஒண்ணும் இல்ல."

"எனக்கும் எல்லாம் தெரியுது. இருவத்தெட்டு வருசம் ஒண்ணா இருந்திருக்கோம். அவங்க எனக்காக அவ்ளோ செஞ்சிருக்காங்க. ஆனா ஒரு நல்லவங்க வூட்டுல வாடகைக்கு இருக்கற மாதிரிதான் இருக்குது. என்னால அவங்களுக்கு நிம்மதி இல்ல." பஸ் வரும் திசையைப் பார்த்தார். "ஒரகடத்துல வாட்ச்மேன் வேலை இருக்குதுன்னாங்க. அங்கயே தங்கிக்கலாம். போய்டலாம்னு பாக்கறேன். சொன்னா அழுவாங்க. எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியல."

பஸ்ஸில் இசக்கிராணிக்கு உட்கார இடம் கிடைத்தது. சுங்கச்சாவடி தாண்டி ஊர் திரும்ப உடம்பில் ஏறியபோது, முதல்முறையாக அது அவளுக்குப் பாரமாக இருந்தது.

மறுநாள் மூன்றாவது மாடிக்குப் போனாள்.

"திருப்பிக் குடுக்கணும் மேடம். அவருக்கே."

டாக்டர் வசுமதி கோபப்படவில்லை. விதியைப் பற்றிப் பேசவில்லை. எழுந்துபோய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்தார்.

"முடியும். ஆனா தனியா எடுக்க முடியாது. ஒன்பது மாசம் ஆச்சு. உன்னோடதும் அவரோடதும் கலந்துடுச்சு. எடுத்தா சேர்ந்தேதான் வரும்."

"என்னோடதுன்னா?"

"நீ பொறந்த ஊர். உங்க வீடு. உங்க அம்மா. போன்ல பேசுவாங்க, குரல் தெரியும், பதில் சொல்லுவே. யாரோ ஒரு அம்மாகிட்டப் பேசற மாதிரி இருக்கும்."

"அவரு பொண்டாட்டிய வாங்க போங்கன்னு கூப்பிடுறாரு மேடம்."

"தெரியும்."

"தெரிஞ்சேதான் செய்யுதீங்களா?"

"முதல் ரெண்டு பேருக்குத் தெரியாமச் செஞ்சோம். அப்பறம் தெரிஞ்சு செய்யறோம்." டாக்டர் தண்ணீர் பாட்டிலைத் திறந்தார், குடிக்காமல் மூடினார். "அவரை எங்கிட்டத் தூக்கிட்டு வந்தாங்கம்மா. முப்பத்தாறு கிலோ இருந்தார். நான் என்ன செஞ்சிருக்கணும்னு இன்னிக்கும் எனக்குத் தெரியல. உனக்குத் தெரிஞ்சா சொல்லு."

அந்த வாரம் முழுக்க இசக்கிராணி தினமும் அம்மாவுக்குப் போன் செய்தாள். பேச விஷயம் ஒன்றும் இல்லை. சும்மா குரலைக் கேட்டுக்கொண்டிருந்தாள். "என்னட்டி, என்ன செய்யுது உனக்கு? ஊருக்கு வாரியா?" என்று அம்மா பயந்தாள். "ஒண்ணும் இல்லம்மா, நீ பேசு," என்றாள். அம்மா பக்கத்து வீட்டுக் கல்யாணத்தைப் பற்றி, ரேஷன் கடையைப் பற்றி, ஒரு பாம்பு வந்ததைப் பற்றியெல்லாம் பேசினாள். சனிக்கிழமை போனை வைத்தபோது அவள் முடிவு செய்திருந்தாள். கொடுத்துவிடுவது. அம்மாவோடு திரும்பவும் முதலிலிருந்து பழகிக்கொள்ளலாம். இருபத்துமூன்று வயதில் அதற்கு நேரம் இருக்கிறது. தேசம்மாவுக்கும் எத்திராஜுக்கும் அவ்வளவு நேரம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை எத்திராஜ் தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு கீழே போயிருந்தார். சமையலறையில் தேசம்மாவிடம் அவள் விஷயத்தைச் சொன்னாள். அம்மாவைப் பற்றிய பகுதியைச் சொல்லவில்லை.

தேசம்மா அடுப்பை அணைத்தார்.

"வேணாம்."

"ஏம்மா? அவரு உங்களுக்குத் திரும்பக் கெடைப்பாருல்லா?"

"கெடைப்பாரு. மறுநாளு ஆத்தங்கரைக்குப் போவாரு. அங்க இப்ப பார்க்கு தொறந்துட்டாங்களாம். டிக்கெட்டு வாங்கினு உள்ள போயி, புல்லுல குந்திக்கினு அழுவாரு. தொரத்துவானுங்க. திரும்பப் போவாரு. என்னிய மட்டும் திருப்பிக் குடுக்க முடியுமா உன்னால? ஆத்தங்கரைய விட்டுட்டு?"

முடியாது.

"அப்ப உங்கிட்டவே இருக்கட்டும்."

இசக்கிராணிக்கு நிம்மதி வந்தது. முதலில் வந்தது அதுதான். அதற்கு அடுத்த நொடியில் வெட்கம் வந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"அவரு போய்டலாம்னு இருக்காரும்மா. ஒரகடத்துக்கு. எங்கிட்டச் சொன்னாரு."

"தெரியும். பையில ரெண்டு சட்டை எடுத்து வெச்சிருக்காரு. பாத்தேன்." தேசம்மா குரலில் கலக்கம் இல்லை. எப்போதோ எல்லாவற்றையும் யோசித்து முடித்துவிட்டவரைப் போல இருந்தார். "அவருக்கு நான் புதுசு. எனக்கு அவரு பழசு. அதான் சரிப்படல. அவரு ஒரு அடி எடுத்து வெச்சா நான் முப்பது வருசத்தைக் கொண்டாந்து முன்னாடி கொட்டறேன். பாவம், பயந்து பின்னால போறாரு. ரெண்டு பேரும் புதுசா இருந்தா இந்தத் தொல்லை இல்ல."

"அம்மா, நீங்களுமா?"

"செவ்வாக்கெழம வரச் சொல்லிக்கீறாங்க. டாக்டரம்மாகிட்டப் பேசிட்டேன். எனக்கும் அந்த ஏக்கம் இருக்குதில்ல? ஆம்பள அழுதாரு, ஊரு பாத்துச்சு. நான் யாருகிட்டப் போயி அழறது?"

"அப்ப உங்க ரெண்டு பேத்தையும் உள்ளபடி தெரிஞ்ச ஆளே இல்லாமப் போயிருமே."

தேசம்மா அவளைப் பார்த்தார். சிரித்ததைப் போலத்தான் இருந்தது.

"அதான் நீ இருக்கியே," என்றார். "குந்து. சோறு போடறேன். இன்னிக்கு நல்லா சாப்புடு."

இரண்டு மாதம் கழித்து, புதுவாழ்வு நகர்ப் பட்டியலை ரகுநந்தன் அவளிடமே கொடுத்தார். அவள்தான் கேட்டு வாங்கிக்கொண்டாள். நாற்பத்தொன்றாம் பிளாக்குக்கு நேரே இப்போது இரண்டு பெயர்கள் இருந்தன. தேசம்மாவிடமிருந்து எடுத்ததை யாருக்கு ஏற்றினார்கள் என்று அவள் கேட்கவில்லை. எங்கேயோ புதிதாக வந்திறங்கிய ஒரு பெண் இந்நேரம் பயமில்லாமல் பஸ் ஏறிக்கொண்டிருப்பாள்.

கதவைத் தேசம்மாதான் திறந்தார்.

"வாங்கம்மா, வாங்க," என்றார். "ரத்தம் எடுக்கத்தானே? ஞாபகம் இருக்குதுங்க. ஞாயித்துக்கெழம வருவீங்க. நெத்திலி புடிக்கும் உங்களுக்கு."

எல்லாம் சரியாகத்தான் இருந்தது. இசக்கிராணிக்கு உட்கார வேண்டும்போல இருந்தது. யாரும் "குந்து" என்று சொல்லவில்லை. நாற்காலி போட்டார்கள். அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

வீடு மாறியிருந்தது. ஜன்னலில் ஒரு துளசிச் செடி புதிதாக வந்திருந்தது. பையில் எடுத்து வைத்திருந்த சட்டைகள் கொடியில் காய்ந்தன. எத்திராஜ் தோசை வாங்கப் போன கதையைத் தேசம்மாவும், தேசம்மா வழி தவறி முப்பத்தெட்டாம் பிளாக்கில் யார் வீட்டுக் கதவையோ தட்டிய கதையை எத்திராஜும் சொன்னார்கள். ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிடாமல் கேட்டார். இன்னும் கேட்டுத் தீராத இருவர் அப்படித்தான் கேட்பார்கள்.

"மனுசன் நல்லவராத்தான் தெரியறாரு," என்றார் தேசம்மா, அவர் கைகழுவப் போயிருந்தபோது, ரகசியம்போல. "நாங்க இந்த வாரம் பீச்சுக்குப் போறோம். எப்படி இருக்கும்னு எல்லாம் தெரியும். போனா எப்படி இருக்கும்னுதான் தெரியல. எந்தப் பஸ்ஸு ஏறணும்?"

இசக்கிராணி சொன்னாள். எங்கே மாற வேண்டும், எந்தப் பக்கம் உட்கார்ந்தால் வெயில் அடிக்காது, எந்த வழியாகப் போனால் கூட்டம் குறைவு என்று எல்லாவற்றையும் சொன்னாள். தேசம்மா கவனமாகக் கேட்டுக்கொண்டார். எத்திராஜ் வந்து உட்கார்ந்து அவரும் கேட்டார். இருவர் கையிலும் ஒரே குத்தில் ரத்தம் கிடைத்தது. குப்பிகளில் பெயரை ஒட்டிப் பெட்டியை மூடினாள்.

வாசலில் செருப்பு மாட்டும்போது தேசம்மா கேட்டார்.

"தப்பா நெனச்சுக்காதீங்க. எங்க ரெண்டு பேரையும் உங்களுக்கு நல்லாப் பழக்கம்னு சொன்னாங்க டாக்டரம்மா."

"ஆமாம்மா."

"எத்தினி வருசமா?"

இசக்கிராணி இந்த ஊருக்கு வந்து ஏறக்குறைய ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது.

"ரொம்ப வருஷமா," என்றாள்.

"அப்ப சொல்லுங்களேன். நடந்ததெல்லாம் எங்களுக்குத் தெரியும். ஆனா நாங்க எப்படி இருந்தோம்?"

அவளுக்குத் தெரியும். ஆனால் தெரிந்தது எதுவும் வார்த்தையாக இல்லை. அப்படி அது ஏற்றப்படவில்லை. அடுத்த வீட்டில் யாரோ வெறும் வயிற்றோடு காத்துக்கொண்டிருந்தார்கள். கீழே தண்ணீர் லாரியின் சத்தம் கேட்டது.

"நல்லா இருந்தீங்கம்மா," என்றாள்.

தேசம்மா திரும்பி உள்ளே பார்த்தார். "கேட்டீங்களா? நாம நல்லாத்தான் இருந்திருக்கோமாம்."

பக்கத்து வீட்டுக்காரர்களைப் பற்றி நல்ல சேதி கேட்டவரைப் போல, எத்திராஜ் சந்தோஷமாகத் தலையாட்டினார்.